பட்டியலில் இல்லாத வசனம்

எங்கள் ஊரில் கடவுளுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிய காரியமே இல்லை. ஜன்னலைத் திறந்தால் மலை. அந்த மலையே சாமி என்கிறது ஊர். பௌர்ணமி வந்தால் எங்கெங்கிருந்தோ ஜனம் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு அதைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர் நடக்கிறது. நான் கிறிஸ்தவன். ஆண்டவர் மலையில் இல்லை, உன் இருதயத்தில் இருக்கிறார் என்று ஞாயிறு பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் எனக்கு நடக்கிற வேலை மிச்சம். இருதயம் எங்கே ஓடிவிடப் போகிறது, சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஐம்பத்து மூன்று வயதுவரை ஓட்டிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு டிடிபி, ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அன்னதான நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துக் கொடுப்பேன். எல்லாச் சாமிகளுக்கும் என் கம்ப்யூட்டரில் தனித்தனி ஃபோல்டர் உண்டு. என் ஆண்டவருக்கும் ஒன்று உண்டு, வருஷத்துக்கு ஒரு முறை டிசம்பரில் திறப்பேன். மற்றபடி காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ‘ஆண்டவரே’ என்பேன். அது ஜெபமா இடுப்பு வலியா என்று அவருக்கே குழப்பமாக இருந்திருக்கும். கடைக்கு வருகிறவர்களிடம் ‘பதினோரு மணிக்கு வாங்க, ரெடியா இருக்கும்’ என்று சொல்லி அனுப்புகிற பழக்கத்தில் அவரையும் அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தேன். பாவம், அவரும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தார்.

என் மனைவி அப்படி இல்லை. விடிவதற்குள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பேச ஆரம்பிப்பாள். பக்கத்து வீட்டம்மாவிடம் சுவருக்கு மேலாகப் பேசுகிற மாதிரிதான் பேசுவாள். சிலிண்டர் தீர்ந்துபோன கதை, கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகள் மூன்று நாளாகப் போன் செய்யாத கதை, நான் முந்தின நாள் எரிந்து விழுந்த கதை எல்லாம் போய்ச் சேரும். என்னைப் பற்றிய புகார்கள் எனக்குக் கேட்கிற மாதிரிதான் போகும். நான் போர்வைக்குள் படுத்தபடி, இந்த வீட்டில் ஒருத்தர் ஜெபம் பண்ணினால் போதாதா என்று நினைத்துக்கொள்வேன். சபையில் எங்களை ஜெபிக்கிற குடும்பம் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரில் எனக்கு வந்த பங்கு அப்படி வந்ததுதான்.

அந்த ஆடி மாதம் அவளுக்கு வயிற்று வலி வந்தது. இங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது என்றார்கள். வேலூருக்குப் போனோம். அங்கே பார்த்த டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். எடுத்துவிட வேண்டும், எடுத்தபிறகுதான் அது என்ன கட்டி என்று தெரியும், தள்ளிப்போட வேண்டாம். திரும்பி வருகிற பஸ்ஸில் இவள் போளூர் தாண்டியபிறகு, ‘ஆண்டவர் சித்தம் என்னன்னு கேக்கணும்’ என்றாள். நானும் பெரிய விசுவாசி மாதிரித் தலையாட்டினேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆவணி போனது, புரட்டாசி போனது. சபையில் அறுப்பின் பண்டிகை முடியட்டும் என்றாள். முடிந்தது. கார்த்திகை தீபத்துக்கு ரோடெல்லாம் அடைத்துவிடுவார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகவர முடியாது என்றாள். கிறிஸ்தவளுக்குத் தீபம் ஒரு சாக்கு! தீபம் முடிந்தது, ரோடு திறந்தது, கிறிஸ்துமஸ் வந்து நின்றது. நான் ஒரு நாள் கத்தினேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியாகத் தன் முடிவைச் சொன்னாள்.

“புது வருஷ வாக்குத்தத்தம் வரட்டுங்க. ஆண்டவர் போன்னு சொன்னா போறேன். இல்லன்னா உட்டுடுங்க.”

வாக்குத்தத்தம் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புது வருஷ ஆராதனையில் ஒரு தட்டு நிறைய சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். வரிசையாகப் போய், கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்த வசனம் அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் உனக்கென்று சொன்ன வார்த்தை. எடுத்ததைத் திருப்பி வைக்கக் கூடாது. என் மனைவி அதை அடுப்புக்கு மேலே டைல்ஸில் ஒட்டிவைப்பாள். டிசம்பருக்குள் அது எண்ணெய் குடித்து எழுத்து மங்கிவிடும், அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டிருக்கும். நான் எடுத்த அட்டையைச் சட்டைப் பையில் வைப்பேன், அது வாஷிங் மெஷினுக்குப் போய்விடும்.

அந்த அட்டைகளை அடிக்கிறவன் நான்தான். போதகர் ஒரு நோட்டில் வசனங்களை எழுதிக் கொடுப்பார். நான் டைப் அடித்து, ஒரு ஷீட்டுக்குப் பன்னிரண்டு வீதம் கெட்டி அட்டையில் பிரிண்ட் போட்டு, வெட்டி, ஓரத்தில் ஒரு ரோஜாப்பூவும் போட்டுக் கொடுப்பேன். முன்பெல்லாம் போதகர் கண்டித்துச் சொல்கிற வசனங்களையும் சேர்த்துத்தான் கொடுப்பார். ஒரு வருஷம் ஒருத்தருக்கு உபத்திரவத்தில் பொறுமையாயிரு என்கிற மாதிரி வந்துவிட்டது. அவர் ஆராதனை முடிவதற்குள்ளேயே போதகரிடம் சண்டைக்குப் போய்விட்டார், வருஷம் பூராவும் இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று. அதிலிருந்து எல்லாம் ஆசீர்வாதம்தான். தட்டில் எந்த மூலையில் கைவைத்தாலும் இனிப்பு. அதில் எது ஒருத்தியை ஆபரேஷனுக்கு அனுப்பும்? ‘உன் களஞ்சியம் நிரம்பும்’ என்கிற மாதிரி ஒன்று வந்தால் இவள் அரிசி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

எனக்குத் தூக்கம் போனது. அவளுக்கு எப்படியோ, எனக்குப் பயம். கட்டி வளர்ந்துகொண்டே இருக்கிறது என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதும் நான் ஜெபம் பண்ணினேனா என்றால், இல்லை. பயமாக இருந்தால் ஜெபிக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் இத்தனை வருஷம் பேசாத ஆளிடம் காரியத்துக்காகப் போய் நிற்க வெட்கமாக இருந்தது.

கடைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. அதை நடத்துகிறவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், எந்தப் பௌர்ணமியும் மலை சுற்றாமல் விட்டதில்லை. மார்கழிப் பௌர்ணமிக்கு மறுநாள் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார். குதிகாலில் வெடிப்பு, நொண்டி நொண்டித்தான் வந்தார்.

“அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. நேத்து அண்ணிக்காகவும் வேண்டிக்கிட்டு ஒரு சுத்து வந்தேன்.”

தப்பாக என்ன நினைப்பது? சபையில் நாங்கள் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லவா முடியும்? டீ நல்லா இருக்கு என்றேன். அன்றைக்குப் பூராவும் எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது. என் பெண்டாட்டிக்காக ஒரு டீக்கடைக்காரர் பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்திருக்கிறார். நான் முட்டி போட்டிருக்கிறேனா? நானும் ஏதாவது செய்தாக வேண்டும் என்று ரோஷம் வந்தது. நல்லவனுக்கு ரோஷம் வந்தால் முட்டி போடுவான். எனக்கு வந்தது, நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

முதலில் நியாயமாகத்தான் தேடினேன். ஆபரேஷனுக்குப் போ என்று நேரடியாகச் சொல்கிற வசனம் வேதத்தில் எங்கேயும் அகப்படவில்லை. அந்தக் காலத்தில் வேலூர் இல்லை, என்ன செய்வது? ஒன்றரை மணி நேரம் தேடிவிட்டு நானே எழுதினேன். ‘பயப்படாதே, வைத்தியனுடைய கையை நான் பிடித்திருப்பேன், நீ எழுந்து புறப்பட்டுப்போ, தாமதியாதே.’ இருபத்தைந்து வருஷம் எல்லாருடைய வார்த்தையையும் டைப் அடித்தவனுக்கு ஆண்டவருடைய நடை மட்டும் வராதா? ‘தாமதியாதே’ என்று கடைசியில் போட்டதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. கீழே இடம் போட வேண்டுமே. யாரும் அதிகம் புரட்டாத ஒரு சின்னத் தீர்க்கதரிசியின் பெயரைப் போட்டு, மூன்றாம் அதிகாரம், முப்பத்தொன்றாம் வசனம் என்று அடித்தேன். ரோஜாப்பூவையும் போட்டேன்.

இங்கே ஒரு தொழில் சங்கதி. என் டிசைனில் ஒன்றை அடித்தால் ஷீட்டில் பன்னிரண்டும் அதுவே வந்து நிற்கும். வந்தது. பதினொன்றைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் ஒன்றை மட்டும் வைத்தால் அவள் கைக்குப் போகும் என்று என்ன நிச்சயம்? என் மனைவி எந்தத் தட்டில் எதை எடுத்தாலும் இடது மூலையில்தான் கைவைப்பாள், அதிரசமானாலும் வாக்குத்தத்தமானாலும் அப்படித்தான். பன்னிரண்டையும் இடது மூலையில் அடுக்கிவிட்டால் தப்பவே முடியாது. தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலையும் என்னுடையதுதான். ஆண்டவர் செய்ய வேண்டியதை முழுக்க நானே கையில் எடுத்துக்கொண்டேன். அவருக்கு விட்டுவைத்தது ரோஜாப்பூ ஒன்றுதான், அதையும் இன்டர்நெட்டில் எடுத்தது.

முதல் தேதி காலை ஆராதனை. பெண்கள் வரிசை வந்தது. என் மனைவிக்கு முன்னால் நாலைந்து பேர். அவர்களும் இடது மூலையில் கைவைப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. ஊரில் இவள் ஒருத்திக்குத்தான் இடது மூலை இருக்கிற மாதிரி நினைத்திருக்கிறேன்! ஒவ்வொரு கை இறங்கும்போதும் மூலையில் எத்தனை மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இவள் வந்தாள். கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. அந்த ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தபோது தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. அவள் நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தாள். கை இடது மூலைக்கு வந்தது. எடுத்தாள், அங்கேயே படித்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிடும்போது, பொங்கல் கழித்து வேலூருக்குத் தேதி வாங்கச் சொன்னாள். நான் எழுந்து கை கழுவப் போன இடத்தில் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மீதிப் பதினோரு அட்டை என்ன ஆயிற்று என்கிறீர்களா? அது ஒரு கூத்து. ரிடயர்டு வாத்தியார் ஒருத்தர் மூன்று வருஷமாகக் கண்புரையைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அந்த வாரமே போய் ஆபரேஷன் செய்துகொண்டார். பல்லைப் பிடுங்கப் பயந்து கன்னத்தைக் கட்டிக்கொண்டு அலைந்த ஒரு போலீஸ்காரர் போய்ப் பிடுங்கிக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் எழுந்து நின்று, ஆண்டவர் என்னிடம் தனியாகப் பேசினார் என்று சாட்சி சொன்னார்கள். சபையே கைதட்டியது. நான் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

தட்டில் கடைசியாக மிஞ்சுவதைப் போதகர் எடுப்பது எங்கள் வழக்கம். அவருக்கும் என்னுடையதுதான் மிஞ்சியிருக்கிறது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் கடைக்கு வந்தார். அட்டையைக் கவுன்டரில் வைத்தார். இது நான் கொடுத்த பட்டியலில் இல்லையே என்றார். ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். மனுஷர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அவருக்கும் குடலிறக்கம் இருக்கிறது, இதைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போய்வந்ததாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

“நீங்க அவங்ககிட்ட சொல்லிடணும். அவங்க ஆண்டவரை நம்பி அங்க போய்ப் படுக்கறாங்க. உங்களை நம்பி இல்ல.”

சொன்னால் திரும்பி வந்துவிடுவாளே ஐயா என்றேன். வந்தால் வரட்டும், அது அவங்களுக்கும் ஆண்டவருக்கும் உள்ளது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவருக்கென்ன, குடலிறக்கம்தானே! எனக்கு ஆத்திரமாக வந்தது. சொல்லாவிட்டால் பொய்யின் மேல் அவள் படுக்க வேண்டும். சொன்னால் கட்டியோடு எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவாள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அட்மிஷன் நாள் வந்துவிட்டது. தள்ளிப்போடுவதில் அவளை நான் என்னென்ன பேசியிருக்கிறேன்.

கடைச் சாவியை டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வேலூருக்குப் போனோம். மறுநாள் காலை ஆபரேஷன். சாயந்திரம் ஐந்து மணிக்கு வார்டில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து வளையல், கம்மல் எல்லாவற்றையும் கழற்றி என் கையில் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அவள் ஒவ்வொன்றாகக் கழற்றித் தந்தாள். அவ்வளவையும் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டபோது இனிமேல் தாங்காது என்று தெரிந்துவிட்டது. அந்த அட்டை இருக்கிறதே என்று ஆரம்பித்தேன்.

“அந்த அதிகாரத்துல இருபது வசனம்தாங்க இருக்கு” என்றாள்.

எந்த அதிகாரம் என்றேன்.

“நீங்க முப்பத்தொன்னுன்னு போட்டிருக்கீங்க. அன்னிக்கே வீட்டுக்கு வந்து தொறந்து பாத்தேன். அதுக்கு முன்னாடியே தெரியும், தட்டு உங்க கையில அப்பிடி ஆடுச்சு.”

புது வருஷத்திலிருந்து இருபது நாளுக்கு மேல் தெரிந்துகொண்டு, எனக்கு மூன்று வேளையும் சோறு போட்டிருக்கிறாள்! அப்படியென்றால் ஏன் வந்தாய் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், அழுகை வராமல் இருப்பதற்காக. அவள் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரம்மா காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னாள்.

“எனக்குப் பயமா இருந்துச்சுங்க. சித்தம் கித்தம்னு சொன்னதெல்லாம் பயந்தான். ஆண்டவர்கிட்ட பயமா இருக்குன்னு சொல்றேன், சொல்றேன், வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்ல முடியல. நீங்க கத்துவீங்க. அன்னிக்கு அந்த அட்டையைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, என்னைவிட நீங்க பயந்துட்டிருக்கீங்கன்னு. பொய் வசனம் எழுதற அளவுக்கு. சரி, ரெண்டு பேரா போலாம்னு வந்தேன்.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நாலு பேருக்கு முன்னால் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. ஜெபம் பண்ணுங்க என்றாள். எப்போதும் அவள்தான் பண்ணுவாள், நான் ஆமென் சொல்வேன். கண்ணை மூடினேன். சபையில் சொல்கிற பெரிய பெரிய வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. ஆண்டவரே, இவ இல்லாம என்னால முடியாது என்றேன். அவ்வளவுதான் வந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் என் ஜெபத்துக்கு ஆமென் சொன்னதும் அன்றைக்குத்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பத்து நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது, சாதாரணக் கட்டிதான். டீக்கடைக்காரர் இது மலை கொடுத்தது என்றார். வாத்தியார் அட்டை கொடுத்தது என்றார். நான் இரண்டு பேருக்கும் சரி சரி என்றேன். அடுத்த டிசம்பரிலிருந்து போதகர் பட்டியலோடு கூடவே வந்து, பிரிண்ட் போட்டு முடிக்கிறவரை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். தட்டு பிடிக்கிற வேலை அந்தப் போலீஸ்காரருக்குப் போய்விட்டது.

அட்டையைக் கிழித்துப் போடச் சொன்னேன். கேட்கவில்லை, எப்போதும் போல அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்தாள். தினமும் காலையில் என் திருட்டுத்தனம் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க நான் காபி குடித்தேன். இப்போது விடியற்காலையில் நானும் எழுந்து போய் அந்த அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்கிறேன். அவள் பேசுகிறாள், நடுவில் நானும் ஒன்றிரண்டு சொல்கிறேன். என்னைப் பற்றிய புகார்கள் மட்டும் குறையவில்லை.

அந்த வருஷப் பங்குனியில் ஒரு நாள் பால் பொங்கி, துணியால் டைல்ஸைத் துடைக்கும்போதுதான் அந்த அட்டையைக் கிட்டத்தில் பார்த்தேன். நான் எழுதிய வசனத்தை அவள் தொடவில்லை. கீழே இருந்த தீர்க்கதரிசியின் பெயரையும், மூன்றாம் அதிகாரம் முப்பத்தொன்றாம் வசனத்தையும் நீல மையால் ஒரே கோடாக அடித்திருந்தாள். அதற்குப் பதிலாகப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் எங்கள் வீட்டுக் கதவு எண் இருந்தது. புதிய எண், பழைய எண், இரண்டும்.